நான் வெட்டிய பந்தி

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழை நாடுகளின் கடன் ரத்து எப்படி நடக்கிறது, எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குக் கடதாசி போகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கோப்புகளில் இருக்கிறது. அதைத் திரும்ப ஒப்புவிக்க நான் வரவில்லை. கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன். இந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அது. தொழில் தெரியாமல் செய்த பிழை என்று நினைக்காதீர்கள். அப்போது நான் இதில் நன்றாக ஊறியிருந்தேன். ஊறியதால்தான் அது வந்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. எங்கள் அமைப்பு அப்போது ஒஸ்லோவின் குறொன்லாண்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கொத்தமல்லி வாசமும், பெட்டி இறக்குகிறவர்களின் சத்தமும் உள்ளே வரும். சம்பளத்துக்கு மூன்றே பேர். எங்கள் தலைவி வடக்கு நோர்வேக்காரி. மீன் தொழிற்சாலைத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர், சுற்றிவளைத்துக் கதைக்கத் தெரியாதவர். நானும் அதே வடக்கில், பாட்ஸ்பியோர்ட்டில் சில வருடம் மீன் வெட்டிவிட்டுத்தான் ஒஸ்லோவுக்குப் படிக்க வந்தவன். அதனால் எங்கள் இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போனது.

எங்கள் அலுவல் இதுதான். எழுபதுகளில் நோர்வேயின் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்தத் தளங்களைக் காப்பாற்ற, ஏழை நாடுகளுக்குக் கடனுக்குக் கப்பல் விற்றார்கள். வாங்கிய நாடுகள் சிலவற்றுக்கு அந்தக் கப்பல்களால் பெரிய பயன் இருக்கவில்லை. கப்பல் போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. அதை ரத்துச் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்டோம். ரத்துச் செய்யலாம் என்று சொன்ன பலரும் கூடவே ஒரு பட்டியலை நீட்டினார்கள். தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் கொடு, அரசாங்கச் சம்பளச் செலவைக் குறை, புதிதாக ஆள் எடுக்காதே. எங்கள் பதில் ஒரே சொல்லில் இருந்தது: நிபந்தனையில்லாமல். அந்தச் சொல் எங்கள் பதாகையில் இருந்தது, கடிதத் தலைப்பில் இருந்தது, தேநீர்க் கோப்பையில்கூட இருந்தது.

நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த விடயத்தில் அமைப்புகளின் கருத்தைக் கேட்க ஒரு நாள் ஒதுக்கியது. எங்களுக்கு ஐந்து நிமிடம். நாங்கள் வழக்கமாகச் சொல்வதை நாங்களே சொல்வதைவிட, கடன்பட்ட நாட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து பேசவைப்போம் என்று தலைவி முடிவெடுத்தார். அப்படித்தான் மரியாமா வந்தார்.

மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சிறிய நாடு. பெயர் வேண்டாம். மரியாமா அங்கே ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். கணக்கு ரீச்சர். ஐம்பதைத் தாண்டியவர், உயரம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். ஹோட்டலுக்கு எங்களிடம் காசில்லை. ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். என் மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அவளுடைய ஆங்கிலம் அரைகுறை. ஆனால் முதல் நாள் மாலையே இரண்டு பேரும் மரவள்ளி இலையைச் சமைக்கலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

மரியாமா தன் பேச்சை எங்கள் குசினி மேசையில் இருந்து கையால் எழுதினார். ஆங்கிலத்தில், கோடு போட்ட கொப்பியில். அதை நான் நோர்வேஜிய மொழியில் பெயர்த்து முன்கூட்டியே குழுவுக்கு அனுப்ப வேண்டும். அவர் வாசிப்பதற்கு ஆங்கிலப் பிரதியையும் நான்தான் தட்டச்சு செய்து கொடுப்பதாக ஏற்பாடு.

பேச்சு அருமையாக இருந்தது. கடன் கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையால் அங்கே புதிய ஆசிரியர்களை எடுக்க முடியவில்லை. பயிற்சி முடித்த பிள்ளைகள் சந்தையில் தக்காளி விற்றார்கள். மரியாமா ஒரே அறையில் மூன்று வகுப்புகளுக்குப் படிப்பித்தார். ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்குமாம். 

கடைசிப் பந்திக்கு வந்தேன். அதில் இப்படி எழுதியிருந்தார்: "எங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தக் கடனை எங்கள் பெயரில் யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள், யார் கையெழுத்து வைத்தார்கள் என்ற பத்திரங்களை எங்கள் மக்களுக்குக் காட்டுங்கள். அதைக் காட்டாமல் ரத்துச் செய்யாதீர்கள்."

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

அந்தக் குழுவில் எங்கள் கோரிக்கையை எதிர்க்கும் உறுப்பினர் ஒருவர் இருந்தார். தாடிக்காரர், படித்தவர், விவாதத்தில் கெட்டிக்காரர். நிபந்தனை என்ற சொல் எங்கள் விருந்தினரின் வாயிலிருந்து வந்தால் அவர் அதை விடவே மாட்டார். பாருங்கள், அவர்களே நிபந்தனை கேட்கிறார்கள் என்பார். இது முதல் காரணம். இரண்டாவது, கையெழுத்து வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவர் அந்த நாட்டு அமைச்சரவையில் இன்னும் இருந்தார். இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிற மரியாமாவுக்கு என்ன நடக்கும்? அவரைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தவறுக்கு இரண்டு காரணம் கிடைத்தால் அது நியாயமாகத் தெரியும். கவனமாயிருங்கள்.

அந்தப் பந்தியை இரண்டு மொழியிலும் எடுத்துவிட்டேன். மரியாமாவிடம், "ஐந்து நிமிடம்தான் தருவார்கள். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்" என்றேன்.

"உங்களுக்குத்தான் இந்த ஊர் தெரியும். சுருக்குங்கள்" என்றார். பிரதியை வாசிக்காமலே பைக்குள் வைத்தார். அந்த நம்பிக்கை என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

குழு கூடும் நாள் காலையில் மரியாமா குளிக்கப் போயிருந்த நேரம் வசந்தியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் வெட்டினது அந்த மனிசிக்குத் தெரியுமோ?"

"நேரம் காணாது, சுருக்கினனான் எண்டு சொன்னனான்."

"சுருக்கினதோ, வெட்டினதோ?"

"ரண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்லையப்பா. எங்கட இல்லத்தில ஒரு கிழவி சாப்பாடு சரியில்லை எண்டு சொன்னால், நான் அதை அப்பிடியே எழுதித்தான் குடுக்கிறனான். எனக்குப் பிடிக்கேல்லை எண்டு விடேலுமோ? இப்பவும் நேரமிருக்கு, சொல்லிப்போட்டுப் போங்கோ."

"உமக்கு இந்த அரசியல் விளங்காது" என்றேன். அவள் அடுத்த தோசையைத் திருப்பினாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வசனங்களில் அதுவும் ஒன்று.

அம்மருட்டிலிருந்து சுரங்கறெயிலில் போனோம். நானும் மரியாமாவும் மட்டும். வெளியே ஈரப்பனி. நாடாளுமன்றத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில் எங்கள் ஆட்கள் பதாகையோடு நின்று கையசைத்தார்கள். தலைவி வாசலில் காத்திருந்தார்.

அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. நீள்வட்ட மேசை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் முன்னால் நான் அனுப்பிய நோர்வேஜியப் பிரதி. மரியாமா எழுந்து வாசிக்கத் தொடங்கினார். மூன்று வகுப்பும் சுவரைப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகளும் வந்தபோது, ஒரு பெண் உறுப்பினர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். எல்லாம் நன்றாகப் போனது. பிரதியின் கடைசி வரியும் வந்தது.

மரியாமா தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை. திரும்பவும் முன்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பந்தியை மனப்பாடமாகச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை.

தாடிக்காரர் உடனே கையை உயர்த்தினார். "எனக்கு முன்னாலுள்ள பிரதியில் இந்தப் பகுதி இல்லையே. வெளியே உங்கள் பதாகை நிபந்தனையில்லாமல் என்கிறது. உங்கள் விருந்தினர் நிபந்தனை கேட்கிறார். இதில் எது உங்கள் நிலைப்பாடு? இந்தப் பகுதி எங்கே போனது?"

 தலைவி என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவின் தலைவர் நல்ல மனிதர், வயதானவர். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்துச் சொன்னார்: "மொழிபெயர்ப்பில் ஏதாவது தவறியிருக்கலாம். அது நடக்கக்கூடியதுதானே."

நீங்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்குத் தேவையான பொய்யை நான் தேடவேண்டியிருக்கவில்லை. அதை அவரே செய்து என் கையில் தந்தார். நான் தலையசைத்தால் போதும். எல்லோரும் நம்பியிருப்பார்கள். என் தோலையும் பெயரையும் பார்த்து, பாவம், மொழி வசப்படவில்லை என்று நினைத்திருப்பார்கள். அந்தப் புன்னகையை எனக்கு நன்றாகத் தெரியும். வங்கியில் பார்த்திருக்கிறேன். மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். உன்னால் இவ்வளவுதான் முடியும், பரவாயில்லை என்கிற புன்னகை. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மரியாமா என்னைப் பார்த்தார். நோர்வேஜிய மொழி அவருக்குத் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

எழுந்தேன்.  "மொழிபெயர்ப்பில் தவறு இல்லை. அந்தப் பந்தி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியபடியால்தான் வெட்டினேன். எங்கள் விருந்தினருக்கு அது தெரியாது. எங்கள் தலைவிக்கும் தெரியாது" என்றேன். பிறகு அதையே மரியாமாவுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாவது தரம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன் வெட்டினீர்கள்?" என்றார் தாடிக்காரர்.

"நீங்கள் அதை எடுத்து எங்களுக்கு எதிராகப் பயன்படுத்துவீர்கள் என்று பயந்தேன்."

யாரோ சிரித்தார்கள். அவருடைய தாடியும் கொஞ்சம் அசைந்தது. "இப்போது?"

"இப்போதும் பயம்தான்."

அவர் மரியாமா பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியானால் உங்களுக்கும் நிபந்தனைகள் வேண்டும், அப்படித்தானே?"

மரியாமா அவசரப்படவில்லை. "ஐயா, ஒரு வீட்டுக்காரி கடை முதலாளியிடம் போகிறாள். என் புருஷன் என் பெயரில் உன்னிடம் என்ன வாங்கினான் என்று கொப்பியைக் காட்டு என்கிறாள். முதலாளி கொப்பியைக் காட்டாமல், நீ இனி எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று அவளுக்குச் சொல்கிறான். இந்த இரண்டையும் நிபந்தனை என்ற ஒரே சொல்லால் கூப்பிட்டால், பிழை அந்தச் சொல்லில் இருக்கிறது."

தாடிக்காரர் குனிந்தார். ஏதோ எழுதிக்கொண்டார். எங்கள் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. குழுத் தலைவர் மணி அடிக்க மறந்துபோனார்.

நான் சாகசம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிழை செய்தவன் பிழையை ஒப்புக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கான விலையும் வந்தது. மறுநாள் ஒரு பத்திரிகையில், விருந்தினரின் பேச்சை அமைப்பே தணிக்கை செய்தது என்று தலைப்பு. மாதாமாதம் எங்களுக்குக் காசு அனுப்பியவர்கள் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். சதுக்கத்தில் பதாகை பிடித்து நின்றவர்களில் ஒருவர் கொஞ்சக் காலம் என்னோடு கதைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட, திரும்பிவந்த றெயில் பயணம். நாடாளுமன்ற நிலையத்திலிருந்து அம்மருட் வரை மரியாமா ஒரு சொல்லும் கதைக்கவில்லை. இறங்கி, மாடிக் கட்டடங்களுக்கு நடுவே சேற்றுப் பனியில் நடக்கும்போதுதான் நின்றார்.

"எங்கள் அமைச்சரும் என் பேச்சை வெட்டுகிறவர்தான். ஆனால் வெட்டுகிறேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்வார்."

"உங்களுக்கு ஆபத்து வரும் என்றுதான்" என்று தொடங்கினேன்.

"என் ஆபத்தை நான் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அதையும் நீங்கள் எனக்காகப் பார்க்க வேண்டாம். எங்களுக்கு எது நல்லது என்று எங்களைக் கேட்காமலே தெரிந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வேலை அவர்களை எதிர்ப்பது என்றல்லவா நினைத்தேன்."

 மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. வசந்தி தட்டில் சோறும் கறியும் போட்டு அறைக்குக் கொண்டுபோனாள். கனநேரம் இரண்டு பேரும் உள்ளேயே இருந்தார்கள். வெளியே வந்தவளிடம், "என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"அதை உங்களிட்டைச் சொல்லச் சொல்லி அவ சொல்லேல்லை" என்றாள். ஏன் கேட்டேன் என்று இருந்தது.

அடுத்த கிழமை நிர்வாகக் குழு கூடியது. என்னை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தலைவி எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் சொன்னார்: "இவர் வெட்டியது பிழை. அதை அந்த அறையில் சொன்னது சரி. இரண்டையும் பதிவில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் நாங்களும் வெட்டுகிறவர்களாகிவிடுவோம்." எனக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். ஒரு வருடத்துக்கு என் மொழிபெயர்ப்புகளை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தலைவி என் தோளைத் தட்டினார். "உண்மையைச் சொல்லட்டுமா? நீ மொழிபெயர்ப்புத் தவறு என்று சொல்லியிருந்தால், நானும் தலையாட்டியிருப்பேன். அதை நினைத்து இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை." எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் அவர். கற்றுத்தந்ததில் மிகப் பெரியது அந்தப் படிக்கட்டில் சொன்னதுதான். நல்லவர்களும் தலையாட்டுவார்கள். உங்கள் பக்கத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் காவலைத் தளர்த்தாதீர்கள்.

அதன் பிறகு எங்கள் கோரிக்கையைத் திருத்தி எழுதினோம். கடன் கொடுத்தவர் போடும் நிபந்தனைகள் வேண்டாம், கடன்பட்ட மக்கள் கேட்கும் பத்திரங்கள் வேண்டும் என்று. பதாகைக்குக் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு யாருடைய கேள்விக்கும் பயம் இருக்கவில்லை. காலம் எடுத்தது. கடைசியில் அந்தக் கப்பல் கடன்களை நோர்வே கைவிட்டது, தண்ணீரை விற்கச் சொல்லாமல், ஆசிரியரைக் குறைக்கச் சொல்லாமல். எங்கள் ஐந்து நிமிடத்தால்தான் நடந்தது என்றால் அது பொய். எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் தள்ளிய வண்டி அது. அதில் எங்கள் கையும் இருந்தது, அது எனக்குப் போதும்.

பத்திரங்கள் மிச்சமிருந்தன. இந்த நாட்டில் அரசாங்கக் கடதாசியைப் பார்க்க யாரும் விண்ணப்பிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். திரும்பவும் விண்ணப்பித்தேன். கடைசியில் ஒரு தடித்த பொதி வந்தது. சில இடங்களில் கறுப்பு மை பூசியிருந்தார்கள். ஆனால் ஒப்பந்தம் முழுதாக இருந்தது. கையெழுத்தும் இருந்தது. எல்லோரும் சந்தேகித்த அந்த அமைச்சருடையதுதான். அவர் அப்போதும் பதவியில் இருந்தார்.

நான் அதை உடனே அனுப்பிவிடவில்லை. முதலில் மரியாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன வந்திருக்கிறது, யாருடைய கையெழுத்து, எந்தப் பக்கத்தில் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அனுப்பவா, வேண்டாமா? அனுப்பினால் எந்த முகவரிக்கு? நீங்கள் சொல்லுங்கள்" என்றேன்.

 "இரண்டு பிரதி அனுப்புங்கள். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று என் வீட்டுக்கு. கையெழுத்துப் பக்கத்தை மேலே வையுங்கள். தபால்காரர்களும் வாசிக்கட்டும்" என்றார். அன்றைக்குத்தான் அந்தக் குரலில் எனக்குப் பழைய சிரிப்புக் கேட்டது.

பத்திரம் அங்கே நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அமைச்சர் தனக்கு ஞாபகமில்லை என்றார். பிறகு வந்த அமைச்சரவையில் அவர் இருக்கவில்லை. மரியாமாவையும் சும்மா விடவில்லை. தலைநகரிலிருந்து தூக்கி, ஆற்றுக்கு அப்பால் ஒரு மாவட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.  அவர் கணக்குப் பார்த்த ஆபத்து அதுதான் போலிருக்கிறது. அவர் முறைப்பாடு செய்யவில்லை.

கொஞ்சக் காலம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இரண்டு ஆசிரியர்கள் வந்திருக்கிறார்களாம். இரண்டு பேரும் சோம்பேறிகளாம். ஆனாலும் இரண்டு பேர். வசந்தியின் சுகத்தை விசாரித்திருந்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"பெரிய வகுப்புக்கு வட்டிக் கணக்குப் படிப்பிக்க இங்கே புத்தகம் இல்லை. அதனால் கப்பல் ஒப்பந்தத்தையே எடுத்தேன். பிள்ளைகள் இரண்டு நாள் இருந்து செய்து முடித்தார்கள், கப்பலின் விலையைவிட வட்டி கூட வந்தது. ஒரு மாணவி எழுந்து, ரீச்சர், இதில் கையெழுத்து வைத்தவருக்குக் கணக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். அடுத்த கணக்குக்குப் போனோம்."